தின்னர் ஊற்றும் முன் குப்பியைப் படியுங்கள்

பாகங்களை வெட்டி, ஒட்டி, மணல்தாளால் தேய்த்து, வண்ணமடிக்க இரண்டு மூன்று வாரங்கள் ஆகிவிடும். அப்படி உருவான பிளாஸ்டிக் மாடல்மீது கடைசியாக அடிக்கும் கிளியர் கோட் வெண்மூட்டமாகப் படிந்தால், அத்தனை உழைப்பும் சில நிமிடங்களில் வீணாகும். பல நேரங்களில் தவறு ஏர்பிரஷ் கருவியில் இருப்பதில்லை. கலவையில்தான் இருக்கும்.

இந்தப் பொழுதுபோக்கில் புதிதாக இறங்கும் இளையர்கள் முதலில் கேட்பது, “ஒரு பங்கு வண்ணத்துக்கு எத்தனை பங்கு தின்னர்?” என்பதுதான். அதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “எந்தத் தின்னர்?”

ஏன் நீர்க்க வேண்டும்?

ஏர்பிரஷ் முனையின் துளை பெரும்பாலும் 0.2 முதல் 0.5 மில்லிமீட்டர்தான். கெட்டியான திரவம் அதில் நுண்துளிகளாகச் சிதறாது. அளவும் ஒரு காரணம். 1/144 அளவு ரோபோ மாடலில் 0.1 மில்லிமீட்டர் தடிமனுக்குப் பூச்சு ஏறினால், அது முழு அளவில் ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் பூச்சுக்குச் சமம். மெல்லிய கோடுகளும் ஆணித் தலைகளும் அதற்குள் புதைந்துவிடும். அடிப்பூச்சான பிரைமர், வண்ணம் பிடித்து நிற்க உதவுவதோடு ஒட்டிய இடத்திலுள்ள கீறல்களையும் காட்டிக்கொடுக்க வேண்டும். தடிமனாக அடித்தால் கீறலோடு நுணுக்கங்களும் மறைந்துபோகும்.

குப்பிக்குள் இருப்பது என்ன?

கடைகளில் கிடைக்கும் பிரைமர், கிளியர் கோட் வகைகளில் மூன்றை அறிந்துகொள்வது நல்லது.

முதலாவது, லேக்கர். மிஸ்டர் சர்ஃபேசர் இந்த வகை. பிசின், கரைப்பானில் முழுமையாகக் கரைந்திருக்கும். அதே நிறுவனத்தின் மிஸ்டர் கலர் தின்னரை ஒரு பங்குக்கு ஒன்று முதல் இரண்டு பங்குவரை சேர்ப்பது வழக்கம். லெவலிங் தின்னர் மெதுவாக உலரும் என்பதால் பூச்சு சமமாகப் பரவ நேரம் கிடைக்கும்.

இரண்டாவது, நீர் சார்ந்த அக்ரிலிக். வலேஹோ பிரைமர் இதற்கு உதாரணம். இதில் பிசின் கரைந்திருப்பதில்லை. பாலில் கொழுப்பு மிதப்பதுபோல் நுண்துகள்களாக நீரில் மிதக்கிறது. இதில் ஆல்கஹாலையோ லேக்கர் தின்னரையோ ஊற்றினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, திரிந்த பால்போல் கட்டியாகி முனையை அடைக்கும். இது ஏற்கெனவே நீர்த்த பதத்தில்தான் வருகிறது. தேவைப்பட்டால் அதற்குரிய தின்னரைச் சில துளிகள் சேர்த்தால் போதும். அடித்தபின் ஒரு நாளாவது விட்டுவிடுங்கள். அவசரப்பட்டுத் தேய்த்தால் தோல்போல் உரிந்துவரும்.

மூன்றாவது, ஆல்கஹால் சார்ந்த அக்ரிலிக். தாமியா எக்ஸ்-22 கிளியர் இந்த வகை. அதற்கு உரியது எக்ஸ்-20ஏ தின்னர். லேக்கர் தின்னரையும் இது ஏற்றுக்கொள்ளும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தாமியா, வலேஹோ இரண்டுமே ‘அக்ரிலிக்’ என்றுதான் விற்கப்படுகின்றன. ஒன்று ஏற்கும் தின்னர் மற்றொன்றைக் கெடுத்துவிடும். வன்பொருள் கடையில் மலிவாகக் கிடைக்கும் தின்னரும் ஆபத்தானது. அதில் அசிட்டோன் இருந்தால் பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கே கரையும்.

பதத்தைக் கண்ணால் பாருங்கள்

விகிதம் தொடக்கப் புள்ளி மட்டுமே. கலவை, கொழுப்பு நீக்கிய பாலின் பதத்தில் இருக்க வேண்டும். கிண்ணத்தின் ஓரத்தில் ஏற்றினால் மெல்லிய படலம் விட்டபடி மெதுவாக வழியவேண்டும். 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தத்தில், முதலில் பிளாஸ்டிக் கரண்டியில் அடித்துப் பாருங்கள். மணல்போல் சொரசொரத்தால் துளிகள் வழியிலேயே உலர்கின்றன. சற்று நெருங்கி அடிக்கலாம் அல்லது தின்னரைக் கூட்டலாம். ஆரஞ்சுத் தோல்போல் குழிவிழுந்தால் கலவை கெட்டி. வழிந்து சிலந்திக்கால்போல் ஓடினால் நீர்த்துவிட்டது அல்லது அதிகம் அடித்துவிட்டீர்கள். அறிவியல் கூடத்தில் செய்வதுபோல் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைக் குறித்துவையுங்கள்.

கிளியர் கோட்டும் நம் வானிலையும்

ஒட்டுப்படங்களுக்கு முன் பளபளப்பான பூச்சு தேவை. சொரசொரப்பான பரப்பில் படத்தின் அடியில் காற்று சிக்கி, வெள்ளியாக மின்னும். பளபளப்பற்ற பூச்சை இறுதியில் அடிப்பார்கள். அதில் பளபளப்பைக் குறைக்கும் துகள்கள் குப்பியின் அடியில் தங்கிவிடும். நன்றாகக் கலக்காமல் எடுத்தாலும், ஒரேயடியாகக் கனமாக அடித்தாலும் வெண்மை படியலாம்.

சிங்கப்பூரில் ஈரப்பதமும் சேர்ந்துகொள்கிறது. லேக்கர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள நீராவி அதில் படிந்து பூச்சை மங்கலாக்குகிறது. இங்குச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும். அதிகாலையில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இருக்கும்; மழையில்லாத பிற்பகலில் 60 விழுக்காட்டளவுக்கு இறங்கும். ஆகவே மழை நாளில் லேக்கரைத் தள்ளிப்போட்டு, பிற்பகலில் மெதுவாக உலரும் தின்னருடன் அடிப்பது நல்லது. முதல் சில பூச்சுகள் தூவல்போல் மெல்லியதாக இருக்கட்டும். ஈரமாகக் கொட்டினால் லேக்கர் கீழுள்ள வண்ணத்தையும் ஒட்டுப்படத்தையும் சுருக்கிவிடும்.

வீட்டில் உள்ளவர்களும் சுவாசிக்கிறார்கள்

அடுக்குமாடி வீட்டின் அறையில் அடிக்கும் லேக்கர் வாடை தம்பி தங்கை, தாத்தா பாட்டி அறைக்கும் போகும். காற்றை வெளியே தள்ளும் விசிறிப்பெட்டி இல்லாமல் லேக்கரைத் தொடாதீர்கள். என்95 முகக்கவசம் துகள்களைத்தான் தடுக்கும். கரைப்பான் ஆவியை அல்ல. அதற்குக் கரிம ஆவிக்கான வடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும். நீர் சார்ந்த பூச்சுக்கு வாடை குறைவு என்றாலும் அதன் நுண்துளிகளும் நுரையீரலுக்கு நல்லதல்ல. பூசை விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு எரியும்போது அருகில் லேக்கர் அடிக்கவே கூடாது. மிஞ்சிய தின்னரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

காற்றோட்டமான இடம் கிடைக்காதவர்கள் நீர் சார்ந்த பிரைமரிலிருந்தும் கிளியர் கோட்டிலிருந்தும் தொடங்கலாம். எந்த வகையை எடுத்தாலும் பூச்சின் பெயர், தின்னர், விகிதம், அழுத்தம், அன்றைய வானிலை ஆகிய ஐந்தையும் குறித்து, சோதனைக் கரண்டியோடு சேர்த்து வையுங்கள். அடுத்த மாடலைத் தொடங்கும்போது ஊகிக்க வேண்டியிருக்காது.