ஆவூர்த் தேரும் பத்தொன்பது ஆண்டுப் பற்று நோட்டும்

ஈஸ்டருக்கு நிலையான தேதி கிடையாது. கிறிஸ்துமஸ் எந்த ஆண்டானாலும் டிசம்பர் 25. ஈஸ்டரோ மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடைப்பட்ட 35 நாட்களில் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை வரும். 2024-ல் மார்ச் 31, 2025-ல் ஏப்ரல் 20, 2026-ல் ஏப்ரல் 5, 2027-ல் மார்ச் 28. புதுக்கோட்டை மாவட்டம் ஆவூரில், பெரியநாயகி மாதா கோவிலின் பாஸ்கா நாடகமும் ஈஸ்டர்த் தேரும் இந்த ஞாயிறை ஒட்டியே நடக்கின்றன. அதற்கு 46 நாள் முன்னால் வரும் சாம்பல் புதனும், தவக்காலமும், குருத்தோலை ஞாயிறும் இதே தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுபவை. ஒரு நாள் முடிவானால் ஏழு வாரம் முடிவாகிவிடும்.

அந்த நாள் எப்படி முடிவாகிறது என்பதற்குப் பலரும் அறிந்த விதி ஒன்று உண்டு: மார்ச் மாதம் பகலும் இரவும் சமமாகும் நாளுக்குப் பின் வரும் முதல் பௌர்ணமி, அதற்கு அடுத்த ஞாயிறு. இந்த விதியை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தால் சில ஆண்டுகளில் தேதி தவறிவிடும். 2019 அப்படிப்பட்ட ஆண்டு. இந்திய நேரப்படி அந்த ஆண்டு மார்ச் 21 அதிகாலை 3.28-க்குச் சூரியன் சமநாளைக் கடந்தது. அன்று காலை 7.13-க்கே பௌர்ணமி. விதிப்படி ஈஸ்டர் மார்ச் 24 ஆகியிருக்க வேண்டும். உலகம் முழுவதும் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் கொண்டாடியது ஏப்ரல் 21-ல்.

அந்த நான்கு வார நகர்வு தமிழ்நாட்டில் நன்றாகவே உணரப்பட்டது. ஏப்ரல் 18 மக்களவைத் தேர்தலின் வாக்குப்பதிவு நாள். அன்றே பெரிய வியாழன், அன்றே மதுரையில் மீனாட்சி கோவில் தேரோட்டம், மறுநாள் புனித வெள்ளியன்று அழகர் ஆற்றில் இறங்கினார். மதுரைத் தொகுதியில் வாக்குப்பதிவை இரவு 8 மணி வரை நீட்டிக்க வேண்டியிருந்தது. இவையெல்லாம் எதேச்சையாக ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன என்று பேசப்பட்டது. தேர்தல் தேதி வேண்டுமானால் எதேச்சை. சித்திரைத் திருவிழாவும் ஈஸ்டரும் ஒரே நிலவைப் பிடித்துக்கொண்டு வருபவை. ஈஸ்டரின் பௌர்ணமி பெரும்பாலும் பங்குனிப் பௌர்ணமி, சில ஆண்டுகளில் சித்திரைப் பௌர்ணமி. 2019-ல் அது சித்திரைக்குத் தள்ளிப்போனதற்குக் காரணம், ஈஸ்டர் விதியில் உள்ள பௌர்ணமி வானத்துப் பௌர்ணமியாக இல்லாமல் ஏட்டுப் பௌர்ணமியாக இருப்பதுதான்.

வரலாறு இங்கே தேவையான அளவு மட்டும். இயேசுவின் மரணமும் உயிர்ப்பும் யூதரின் பாஸ்கா விழாவை ஒட்டி நடந்ததாக நற்செய்தி நூல்கள் சொல்கின்றன. பாஸ்கா, பிறை மாதத்தின் நடுவில், முழுநிலவில் வருவது. (சிலுவை மரணத்தின்போது சூழ்ந்த இருள் சூரிய கிரகணம் என்று ஆண்டுதோறும் வலம்வரும் செய்திகள் இங்கேயே அடிபட்டுப் போகின்றன. முழுநிலவு நாளில் சூரிய கிரகணம் நேர வழியில்லை.) எல்லோரும் ஒரே ஞாயிறில் கொண்டாட வேண்டும் என்று 325-ல் நைசியா பொதுச்சங்கம் முடிவெடுத்தது, கணக்கு எப்படி என்று விரித்துச் சொல்லவில்லை. அலெக்சாந்திரியாவின் கணக்கை 525-ல் டயோனீசியஸ் எக்ஸிகூஸ் என்ற துறவி ரோமுக்கான பட்டியலாக்கினார். அது ஆயிரம் ஆண்டு ஓடியது. 1582-ல் அலோய்சியஸ் லிலியுஸ் வகுத்த திருத்தத்தைத் திருத்தந்தை 13-ஆம் கிரகோரி அறிவித்தார். அதை விளக்கியும் வாதாடியும் நிலைநிறுத்தியவர் இயேசு சபைக் கணிதர் கிறிஸ்டோபர் கிளாவியுஸ். அதே சபையைச் சேர்ந்த வெனான்சியுஸ் பூஷே 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆவூரில் கோவில் எழுப்பியபோது திருத்திய கணக்கும் கூடவே வந்தது. ஆவூர்க் கோவில் 1547-ல் கட்டப்பட்டதாகச் சில அறிமுகக் குறிப்புகளில் காண்பது பிழை. பூஷே பிறந்ததே 1655-ல்.

இனி ஏடு. நிலவின் பன்னிரண்டு மாதம் சேர்ந்தால் 354 நாள். சூரியனின் ஆண்டு 365 நாள். வித்தியாசம் 11. ஈஸ்டர்க் கணக்கு முழுவதும் இந்தப் பதினொன்றை நிர்வகிக்கும் கலைதான். கிராமத்து மளிகைக் கடையின் பற்று நோட்டு இதற்கு நன்றாகப் பொருந்தும். கடைக்காரர் சூரியன், வாடிக்கையாளர் நிலவு. நிலவு ஆண்டுக்கு 11 ரூபாய்க்குக் கடனில் சாமான் வாங்குகிறது. சில்லறையாகக் கொடுக்கும் பழக்கம் அதற்கு இல்லை. கொடுத்தால் முழு 30 ரூபாய்தான். எனவே பாக்கி 30-ஐ எட்டும்வரை கடைக்காரர் எழுதிக்கொண்டே போகிறார். எட்டியதும் 30-ஐக் கழித்து மீதியை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகிறார். அந்த 30-தான் ஆண்டுக்குள் நுழையும் பதிமூன்றாவது நிலா மாதம், தெலுங்குப் பஞ்சாங்கத்தில் அதிக மாதம் என்று வருவது.

நோட்டைத் திறந்து பார்க்க 2025 வசதியான ஆண்டு, ஏனென்றால் அந்த ஆண்டு பாக்கி சுழியம். 2026-ல் 11. 2027-ல் 22. 2028-ல் 33 வந்து, 30 போக 3. 2029-ல் 14. இந்தப் பாக்கியிலிருந்து ஏட்டுப் பௌர்ணமியை எடுக்க ஒரு கழித்தல் போதும். பாக்கி சுழியமானால் ஏட்டின்படி மார்ச் 31-ல் புதுப்பிறை. அதிலிருந்து பதினான்காம் நாள் ஏப்ரல் 13. மார்ச் மாதத்தை 31-ல் நிறுத்தாமல் நீட்டிக்கொண்டே போனால் அந்த நாள் ‘மார்ச் 44’. பாக்கி எத்தனையோ அத்தனையை 44-லிருந்து கழிக்க வேண்டியதுதான். 2026-க்கு 33, அதாவது ஏப்ரல் 2, வியாழன். அடுத்த ஞாயிறு ஏப்ரல் 5. 2027-க்கு மார்ச் 22, திங்கள். அடுத்த ஞாயிறு மார்ச் 28. 2028-க்கு 41, அதாவது ஏப்ரல் 10, திங்கள்; ஈஸ்டர் ஏப்ரல் 16. 2029-க்கு மார்ச் 30. அது வெள்ளிக்கிழமை, புனித வெள்ளியே பௌர்ணமி, ஈஸ்டர் ஏப்ரல் 1. பௌர்ணமியே ஞாயிறாக அமைந்தால் அடுத்த ஞாயிறுக்குப் போக வேண்டும். 2025-ல் ஏப்ரல் 13 ஞாயிறாக இருந்ததால்தான் ஈஸ்டர் 20-க்குப் போனது.

2019-ல் பாக்கி 24. கழித்தால் மார்ச் 20. சமநாளை ஏடு மார்ச் 21 என்று நிரந்தரமாக எழுதி வைத்திருக்கிறது. எனவே ஒரே நாள் வித்தியாசத்தில் அந்தப் பௌர்ணமி செல்லாததாகி, அடுத்தது ஏப்ரல் 18 என்று ஆனது. வானத்தில் நிலவு முழுமையானது மார்ச் 21 காலையிலும், மறு மாதம் ஏப்ரல் 19 மாலையிலும். இரண்டு முறையும் ஏடு ஒரு நாள் முந்திக்கொண்டது. (பாக்கி 24, 25 ஆகிய ஆண்டுகளுக்கு ஏட்டில் சிறு விதிவிலக்கு உண்டு, பெரிய சிக்கல் இல்லை.)

நோட்டு எப்போது நேராகும்? 19 ஆண்டில் கடன் 209. நிலவு ஏழு முறை 30 கொடுத்தால் 210. ஒரு ரூபாய் இடிக்கிறது. கடைக்காரர் இதற்குச் செய்வது எளிமையான காரியம்: சுற்றின் கடைசி ஆண்டில் மட்டும் 11-க்குப் பதில் 12 என்று பற்று எழுதிவிடுகிறார். 2032-ல் பாக்கி 17. 2033-ல் 28 என்று வர வேண்டிய இடத்தில் 29 என்றே ஏடு காட்டும். இடைக்கால ஐரோப்பாவில் இந்த ஒரு நாளுக்கு ‘நிலவின் தாவல்’ என்று பெயர். அதோடு கணக்கு தீர்ந்து, 2044-ல் பாக்கி மறுபடி சுழியமாகும். 19 ஆண்டும் 235 நிலா மாதமும் ஏறக்குறைய சமம் என்பதைக் கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் பாபிலோனியர் பயன்படுத்தினர், கி.மு. 432-ல் ஏதென்ஸில் மெட்டான் அறிவித்ததால் அது அவர் பெயரில் நிலைத்தது.

அந்த ‘ஏறக்குறைய’ எவ்வளவு நெருக்கமானது என்பது வியக்க வைக்கும். 19 சூரிய ஆண்டு 6939.60 நாள். 235 நிலா மாதம் 6939.69 நாள். சுமார் இரண்டு மணி நேரம்தான் வித்தியாசம். இந்த நெருக்கத்துக்கு ஈர்ப்பு விசையில் காரணம் எதுவும் இல்லை; இரண்டு எண்கள் அப்படி அமைந்துவிட்டன, மனிதர்கள் அதைக் கண்டுபிடித்துப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

ஆனால் பழைய ஜூலியன் ஆண்டு 365 நாள் 6 மணி என்று எடுத்துக்கொண்டதால் சுற்றுக்கு ஒன்றரை மணி நேரம் பிசகியது. முந்நூறு ஆண்டுக்கு ஒரு நாள். 16-ஆம் நூற்றாண்டில் ஏட்டு நிலவு வானத்து நிலவைவிட மூன்று நாளுக்கு மேல் பின்தங்கியிருந்தது. சமநாள் மார்ச் 11-க்கு வந்துவிட்டது. லிலியுஸின் திறமை இங்கேதான் தெரிகிறது. அவர் நோட்டைக் கிழித்துப் போடவில்லை, நூற்றாண்டுக் கணக்கில் தணிக்கை வைத்தார். 400 ஆண்டுக்கு மூன்று முறை, மிகுநாள் ரத்தாகும் நூற்றாண்டு ஆண்டுகளில், பாக்கியில் ஒன்று குறையும். 2500 ஆண்டுக்கு எட்டு முறை ஒன்று கூடும். 1900-ல் ஒன்று குறைந்தது. 2100-ல் ஒன்று குறைந்து ஒன்று கூடுவதால் மாற்றமில்லை. எனவே இன்றைய பட்டியல் 2199 வரை அப்படியே செல்லும். இந்தத் தணிக்கையை ஏற்காத கிழக்கத்தியத் திருச்சபைகள் பல இன்னும் பழைய நோட்டிலேயே எழுதுகின்றன. 2024-ல் அவர்களுக்கு ஈஸ்டர் மே 5.

இரண்டு நோட்டும் ஒரே தேதி காட்டும் ஆண்டுகளில் ‘அபூர்வ நிகழ்வு’ என்ற செய்திகள் பறக்கும். 2025-ல் நைசியாவின் 1700-ஆம் ஆண்டும் சேர்ந்துகொண்டதால் ஆரவாரம் கூடுதல். 2010, 2011, 2014, 2017 ஆகிய ஆண்டுகளிலும் தேதி ஒன்றாகவே இருந்தது. 2028, 2031, 2034-லும் இருக்கும். அபூர்வம் என்று சொல்ல இதில் ஒன்றுமில்லை.

ஏட்டை மூடிவிட்டு வானத்தையே கேட்கலாம் என்ற யோசனையும் அவ்வப்போது புத்தம் புதிதுபோல் கிளம்புகிறது. 1997-ல் அலெப்போவில் கூடிய உலகத் திருச்சபைகள் மன்றத்தின் ஆலோசனைக் கூட்டம், எருசலேம் தீர்க்கரேகையை வைத்து உண்மையான பௌர்ணமியைக் கணிக்கலாம் என்றது. இதைச் செய்து பார்த்தவர்கள் முன்பே உண்டு. 1700 முதல் ஜெர்மனியின் புராட்டஸ்டண்டு அரசுகள் கெப்ளரின் ருடால்ஃபின் அட்டவணைகளைக் கொண்டு ஈஸ்டரைக் கணித்தன. 1724-ல் கணித நிலவு சனிக்கிழமை, ஏப்ரல் 8-ல் முழுமையானது, ஈஸ்டர் 9. கத்தோலிக்க ஏட்டில் பௌர்ணமி ஞாயிறு, ஏப்ரல் 9, ஈஸ்டர் 16. அடுத்தடுத்த ஊர்கள் ஒரு வார இடைவெளியில் கொண்டாடின. 1744-லும் அதே கதை. 1776-ல் அந்த முறையைக் கைவிட்டார்கள்.

தீர்க்கரேகையை மட்டும் ஒப்புக்கொள்ளாமல் போனால் சிக்கல் இன்னும் பெரிது. 2025-ன் பௌர்ணமி இந்திய நேரப்படி ஞாயிறு, ஏப்ரல் 13, அதிகாலை 5.52-க்கு. அதே நொடியில் நியூயார்க்கில் சனிக்கிழமை இரவு. அவரவர் வானத்தைப் பார்த்து அவரவர் முடிவெடுத்தால் அமெரிக்காவுக்கு ஈஸ்டர் 13-ல், ஆவூருக்கு 20-ல்.

தமிழருக்கு இந்த வழக்கு புதியதல்ல. வாக்கியப் பஞ்சாங்கம், 248 நாளில் நிலவின் வேகம் ஒன்பது சுற்று முடித்துத் திரும்புகிறது என்பதை வைத்து, மனப்பாடம் செய்யத்தக்க வாக்கியங்களாக நிலவின் இருப்பிடத்தைக் கட்டி வைத்தது. திருக்கணிதம் அவ்வப்போதைய கணிப்பைப் பின்பற்றுகிறது. சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி 2023 ஜனவரியில் நடந்தது. வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாறில் 2023 டிசம்பர் 20-ல். வானத்துக்கு நெருக்கமானது எது என்ற கேள்விக்கு விடை திருக்கணிதம்தான். ஆனால் விழாவுக்கான ஏடு வானத்தோடு மட்டும் ஒத்துப்போனால் போதாது, மனிதர்களுக்குள் ஒத்துப்போக வேண்டும். தொலைநோக்கி வேண்டாம், மேகம் விலகக் காத்திருக்க வேண்டாம், கடிதம் எழுதி ரோமைக் கேட்க வேண்டாம். கடல் கடந்து வந்த பூஷேயும் ரோமில் இருந்தவர்களும் தனித்தனியே கழித்துப் பார்த்து ஒரே ஞாயிறை அடைய முடிந்தது. ஒரு நாள் பிசகு அதற்குக் கொடுத்த விலை. மலிவான விலை என்றே சொல்ல வேண்டும்.

நிலவையே விட்டுவிடும் திட்டமும் உண்டு. ஏப்ரலின் இரண்டாவது சனிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர் என்று பிரிட்டன் 1928-ல் சட்டமே இயற்றியது. திருச்சபைகளின் இசைவு வராததால் அது இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. வந்திருந்தால் ஈஸ்டர் ஏப்ரல் 9 முதல் 15-க்குள் அடங்கியிருக்கும். பள்ளி விடுமுறைக்கும் வியாபாரத்துக்கும் வசதி, பாஸ்காவின் முழுநிலவோடு இருந்த தொடர்பு மட்டும் அறுந்திருக்கும். இப்போதைக்கு நோட்டுதான் சொல்கிறது: 2038-ல் ஈஸ்டர் அதன் கடைசி எல்லையான ஏப்ரல் 25-ல், சித்திரை பிறந்து பத்து நாளுக்கு மேல் ஆன பிறகு வரும். முதல் எல்லையான மார்ச் 22 கடைசியாக வந்தது 1818-ல். அடுத்து அது வருவது 2285-ல். அதற்கு முன் 2200-ல் பாக்கியில் ஒன்றைக் குறைத்திருக்க வேண்டும்.