"கொழுப்பு நார்மல்" என்றால் போதுமா? காவல்காரனே கலாட்டா செய்யும் விபரீதம்!

ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம் சாலையில் ராத்திரி பகலாக லாரிகள் ஓடுகின்றன. சில லாரிகள் தொழிற்சாலைக்கு சரக்கு கொண்டு வருகின்றன. சில, கழிவை ஏற்றிக்கொண்டு போகின்றன. கழிவு லாரி நாலு நாள் வராவிட்டால்? தொழிற்சாலையே நாறிவிடும்!

உடம்புக்குள்ளும் இதே கதைதான். கொழுப்பு ரத்தத்தில் கரையாது. புரதத்தோடு சேர்ந்துதான் ஓடும். கொழுப்பை கொண்டு வந்து கொட்டுவது "எல்.டி.எல்." திருப்பி எடுத்துப் போவது "எச்.டி.எல்."

வயிறு புடைத்த அணுக்கள்

எல்.டி.எல். அதிகமானால் ரத்தக்குழாய் சுவருக்குள் புகுந்து தங்கிவிடும். அதை தின்று சுத்தம் செய்ய வெள்ளை அணுக்கள் வருகின்றன. இவைதான் உடம்பின் காவல்காரர்கள். தின்னத் தின்ன வயிறு புடைத்து, நகர முடியாமல் அங்கேயே சுருண்டு விடுகின்றன. அப்புறம் காவல்காரனே கலாட்டாவில் இறங்குகிறான்! அழற்சியை தூண்டும் ரசாயனங்களை கக்குகிறான். சுவர் புண்ணாகி ஒருநாள் வெடித்தால், ரத்தம் உறைந்து மாரடைப்புதான்.

எச்.டி.எல். வந்தால் வெள்ளை அணுவின் சுமையை இறக்கி, கல்லீரலுக்கு கொண்டு போகிறது. அதோடு அணுவின் கோபத்தையும் அடக்குகிறது. "ஏ.டி.எப்.3" என்ற புரதத்தை கிளப்பிவிட்டு, அழற்சிக்கு பூட்டு போடுகிறது. ஜெர்மனியில் பான் நகர விஞ்ஞானிகள் 2014-ல் இதை வெளியிட்டனர்.

அழற்சிக்கு அவ்வளவு பலமா? 2017-ல் வெளியான ஒரு சோதனையே சாட்சி. மாரடைப்பு வந்து பிழைத்த 10 ஆயிரம் பேரிடம் நடந்தது. கொழுப்பை தொடாமல், அழற்சியை மட்டும் குறைக்கும் ஊசி போட்டார்கள். மாரடைப்பு, பக்கவாத ஆபத்து சுமார் 15 சதவீதம் குறைந்தது.

100-க்கு 72 பேர்

தமிழ்நாடு, மகாராஷ்டிரா, ஜார்கண்ட், சண்டிகார் மக்களிடம் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நடத்திய ஆய்வு 2014-ல் வெளிவந்தது. மொத்த கொழுப்பு அதிகம் உள்ளவர்கள் 100-க்கு 14 பேர்தான். ஆனால் எச்.டி.எல். குறைந்தவர்களோ 72 பேர்!

ஆகவே "டோட்டல் நார்மல்ப்பா" என்று ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடக் கூடாது. எச்.டி.எல். ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50-க்கு கீழே இருந்தால் டாக்டரை பார்க்க வேண்டும்.

மாத்திரை போட்டு ஏற்றிவிடலாமே என்றால், அதுவும் நடக்கவில்லை. 15 ஆயிரம் பேரிடம் சோதித்த ஒரு மருந்து எச்.டி.எல்.லை எகிற வைத்தது. சாவும் கூடியதால் 2006-ல் நிறுத்திவிட்டார்கள். எண்ணிக்கை மட்டும் போதாது, லாரி வேலை செய்ய வேண்டும்!

பீடி, சிகரெட்டை விட வேண்டும். ஷிப்டு முடிந்ததும் வேகமாக நடக்க வேண்டும். தொப்பையை குறைக்க வேண்டும். எல்.டி.எல்.லுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் தானாக நிறுத்தவே கூடாது.