காந்தமும் கம்பியின் நாதமும்

ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலை, நுவரெலியா ஆகிய இடங்களைச் சூழ்ந்த மலைகளில் உள்ள தேயிலைத் தொழிற்சாலை எதனுள் நுழைந்தாலும், அங்கே காந்தத்திற்கு ஒரு வேலை இருப்பதைக் காணலாம். பறித்த கொழுந்து வாட்டப்பட்டு, உருட்டப்பட்டு, உலர்த்தப்பட்டுச் சல்லடைகளை வந்தடைகிறது. வழியெல்லாம் இயந்திரங்கள் உராய்வதால் உதிரும் நுண்ணிய இரும்புத் துகள்கள் தேயிலையோடு கலந்துவிடுவதுண்டு. தேயிலை மெல்லிய படலமாக ஓடும் இடத்தில் காந்தங்களை அமைத்து அத்துகள்களைப் பிரித்தெடுக்கின்றனர். அங்கே காந்தம் எவ்வளவு வலிமையானதோ அவ்வளவு நன்று.

அதே தோட்டத்துக் கோயில் திருவிழா மேடையிலோ தேவாலயப் பாடகர் குழுவிலோ ஓர் இளைஞன் மின் கிற்றார் வாசிக்கும்போது, அக்கருவியினுள்ளும் காந்தம் ஒன்று வேலை செய்துகொண்டிருக்கிறது. கிற்றார் வாங்க விரும்புவோர், “இதில் இருப்பது எந்தக் காந்தம்? வலிமையானதுதானா?” என்று கேட்பதும் இன்று வழக்கமாகிவிட்டது. தொழிற்சாலைக்குப் பொருந்தும் விதி இசைக் கருவிக்கும் பொருந்துமா? பொருந்தாது என்பதே விடை. அதன் காரணத்தை அறிந்துகொள்வது, உழைத்துச் சேர்த்த பணத்தை வீணாக்காமல் காக்கவும் உதவும்.

மரக் கிற்றாரில் கம்பியின் அதிர்வு பலகையை அசைக்க, பலகை காற்றை அசைக்கிறது. மின் கிற்றாரில் அப்பணியைச் செய்வது, கம்பிகளுக்குக் கீழே பதிக்கப்பட்ட ‘பிக்கப்’ என்னும் சிறு உறுப்பாகும். காந்தம் ஒன்றும், அதனைச் சுற்றிப் பல்லாயிரம் முறை சுற்றப்பட்ட, தலைமயிரிலும் மெல்லிய செப்புக் கம்பியும் சேர்ந்ததே பிக்கப். காந்தத்தின் அருகே இருப்பதால் மேலுள்ள உருக்குக் கம்பியும் சிறிதளவு காந்தத் தன்மை பெறுகிறது. அது அதிரும்போது சுருளின் ஊடே செல்லும் காந்தப் பாயம் கூடிக் குறைகிறது. சுருளில் மின்சாரம் தோன்றுகிறது. 1831ஆம் ஆண்டில் மைக்கேல் பரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இது. நைலோன் நரம்பு பூட்டிய கிற்றாருக்கு இத்தகைய பிக்கப்பை வைத்தால் ஓசையே எழாது. காந்தம் அறிவது இரும்பின் இனத்தை மட்டுமே.

1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜோர்ஜ் போஷாம்ப் அமைத்த பிக்கப்பில், இரண்டு பெரிய இலாட காந்தங்கள் கம்பிகளை மேலும் கீழுமாகச் சூழ்ந்து நின்றன. அக்காலத்து உருக்குக் காந்தங்களைக் கொண்டு போதிய வலிமை பெற வேண்டுமானால் பருமன் தேவைப்பட்டது. 1931இல் ஜப்பானிய அறிஞர் தோக்குஷிச்சி மிஷிமா, இரும்போடு நிக்கலும் அலுமினியமும் சேர்த்த கலப்புலோகம் சிறந்த காந்தமாவதைக் கண்டார். அதனோடு கோபால்ட்டும் சேர்ந்து வளர்ந்த குடும்பமே ‘அல்னிக்கோ’. அலுமினியம், நிக்கல், கோபால்ட் என்னும் மூன்றன் முதலெழுத்துகளால் ஆகிய பெயர் அது. 1954இல் வெளிவந்த பெண்டர் ஸ்ட்ராற்றோகாஸ்ற்றர் கிற்றாரில் ஒவ்வொரு கம்பிக்கும் கீழே ஓர் அல்னிக்கோத் தண்டு நின்றது. இதற்கிடையில், 1950களின் தொடக்கத்தில் ஒல்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வுகூடம், இரும்பு ஒக்சைட்டைச் சூளையிற் சுட்டுச் செய்த செராமிக் காந்தத்தை உலகுக்கு அளித்தது. மலிவான மூலப்பொருளால் ஆன அது, பிற்காலத்தில் விலை குறைந்த கிற்றார்களில் பெருவாரியாக இடம்பெற்றது.

வாசிப்போர் இக்காந்தங்களின் நாதத்தைப் பலவாறு வருணிப்பர். அல்னிக்கோ 2 மென்மையானது. மீட்டிய கணத்தின் கூர்மை சற்றுத் தணிந்து ஒலிக்கும். அல்னிக்கோ 5 தெளிவும் துலக்கமும் உடையது. மந்தர ஓசை கட்டுக்கோப்பாக நிற்கும். செராமிக் உரத்தது, அதன் ஓசைக்கு விளிம்பு அதிகம். இவ்வருணனைகளில் உண்மை உண்டு. ஆயினும் அவ்வேறுபாட்டின் மூலம் எங்கே இருக்கிறது என்பதில்தான் பலரும் தவறுகின்றனர்.

முதற் காரணம் வலிமை. காந்தத்தில் எஞ்சி நிற்கும் புலம் அல்னிக்கோ 5இல் ஏறத்தாழ 1.2 டெஸ்லா, அல்னிக்கோ 2இல் ஏறத்தாழ 0.7, செராமிக்கில் ஏறத்தாழ 0.4. அப்படியாயின் செராமிக் எவ்வாறு உரத்து ஒலிக்கிறது? காந்தத்திற்கு வலிமை மட்டுமன்றிப் பிடிவாதமும் ஒரு குணம். அல்னிக்கோவைத் தட்டையான சிறு துண்டாக வெட்டினால் அது தன் காந்தத்தைத் தானே இழக்கத் தலைப்படும்; செராமிக்கோ அத்தகைய வடிவிலும் தன் காந்தத்தை விடாது பற்றிக்கொள்ளும். ஆகவே அகன்ற செராமிக் பாளத்தைச் சுருளின் அடியில் வைத்து, உருக்குத் தண்டுகள் வழியே அதன் புலத்தைக் கம்பிக்குக் கொண்டுசெல்ல முடிகிறது.

இரண்டாவது காரணம் சற்று நுட்பமானது. சுருளும், கிற்றாரை ஒலிபெருக்கியோடு இணைக்கும் வடமும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணை மற்றவற்றினும் உயர்த்திக் காட்டும். அது பெரும்பாலும் செக்கனுக்கு 2,000 முதல் 5,000 அதிர்வுகள் வரையில் அமையும். பிக்கப்பின் ‘குரல்’ என்று நாம் உணர்வது பெரிதும் இதனையே. அல்னிக்கோ உலோகம், மின்சாரத்தைக் கடத்தும். சுருளின் நடுவே தண்டாக நிற்கையில் அதில் எழும் சுழிப்பு மின்னோட்டங்கள் அந்த உச்சத்தைச் சிறிது தணிக்கின்றன. செராமிக் மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அதனோடு வரும் உருக்குத் தண்டுகள் சுருளின் மின்தூண்டலை உயர்த்தி, உச்சத்தின் இடத்தையே மாற்றிவிடுகின்றன. எனவே ‘செராமிக்கின் ஓசை’ எனப்படுவதிற் பெரும் பங்கு உருக்குக்கும், சுருளின் சுற்றுகளுக்கும் உரியது.

மூன்றாவது காரணமே இப்பொருளின் உயிர்நாடி. காந்தம் கம்பியின் அசைவை அறிவதோடு நில்லாது. கம்பியை இழுக்கவும் செய்கிறது. இழுப்பு மிகுந்தால் கம்பி மேலும் கீழும் அதிரும் வேகமும் பக்கவாட்டில் அதிரும் வேகமும் ஒன்றாக இரா. இரண்டும் கலந்து, ஒரே சுவரத்தினுள் ஓர் அலைவு தோன்றும். தடித்த கம்பிகளில் மேல் ஸ்தாயியை வாசிக்கும்போது சுருதி கலைந்தது போன்ற மயக்கம் ஏற்படும். தொழிற்சாலையிற் பயன்படும் நியோடிமியம் காந்தத்தைக் கிற்றாரின் கம்பிகளுக்கு அருகே வைத்தால் ஓசை வளருவதற்குப் பதில் சுருதி கெடும். பக்கத்தில் அல்னிக்கோ இருப்பின் அதன் காந்தமும் குன்றக்கூடும்.

கருநாடக இசையில் ஒரு சுவரத்தைத் தளராது நிறுத்தும் ‘கார்வை’க்கு உள்ள பெருமை யாவரும் அறிந்தது. சாதாரண மாண்டலினின் ஓசை மீட்டியவுடன் தேய்ந்துவிடும். யூ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) மின் மாண்டலினைக் கையாண்டு, அக்கருவியிற் கார்வையும் கமகமும் நிலைபெறச் செய்தார். அத்தகைய நீண்ட ஓசைக்கு வேண்டுவது கம்பி தன் போக்கில் அதிரும் உரிமை. காந்தம் அதனை அளவோடு அறிய வேண்டும், பற்றி இழுத்தலாகாது.

மலிவான காந்தம் என்றால் தாழ்ந்த நாதம் என்பதும் சரியன்று. 1978இல் சயீர் நாட்டின் சாபா மாகாணத்தில் எழுந்த போரால் கோபால்ட்டின் விலை பன்மடங்கு ஏறியது. ஒலிபெருக்கி செய்வோர் பலர் அல்னிக்கோவைக் கைவிட்டுச் செராமிக்கை நாடினர். அம்மாற்றத்தைத் தூண்டியது சந்தை. செராமிக் பிக்கப்பைக் கொண்ட சிறந்த கிற்றார்களும் உள. அல்னிக்கோ இருந்தும் நாதம் கெட்ட கிற்றார்களும் உள.

ஆதலால், தன் கிற்றாரின் ஓசை பிடிக்காத இளைஞன் புதிய பிக்கப்புக்குப் பணம் தேடுமுன், திருப்புளி ஒன்றை எடுப்பதே அறிவுடைமை. பெரும்பாலான பிக்கப்புகளின் இரு புறமும் உள்ள ஆணிகளைத் திருகினால் அவை உயரும், தாழும். கம்பியைக் கடைசிக் கட்டையில் அழுத்திப் பிடித்து, கம்பிக்கும் பிக்கப்புக்கும் இடையே ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் விட்டுத் தொடங்கலாம். தடித்த கம்பியின் பக்கம் இன்னும் சற்று மிகுதியாக விடலாம். பின்னர்ச் சிறிது சிறிதாகத் திருகி, செவி ஒப்பும் இடத்தில் நிறுத்த வேண்டும். அல்னிக்கோ 5 உரத்துக் கடுமையாக ஒலித்தால், தாழ்த்தியதும் அது பணிந்து இனிமை பெறுவதைக் காணலாம். இதற்குச் செலவு எதுவுமில்லை.

தேயிலையிலிருந்து இரும்பை இழுத்தெடுக்கும் காந்தம் எதையும் விட்டுவைக்கலாகாது. கம்பியின் நாதத்தைக் கேட்கும் காந்தமோ கம்பியைத் தொடாதது போல் நிற்க வேண்டும். அதற்கு வேண்டிய அளவைக் காந்தத்தின் பெயரைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. செவியே அதனைக் கூறும்.