முயலின் பின்னங்கால் பலவீனம்

வீடுகளில் பிரியத்துடன் வளர்க்கப்படும் முயல், முதல் நாள் வரையில் துள்ளித் திரிந்துவிட்டு, மறுநாள் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு ஊர்ந்து வருவதுண்டு. இதை வாதமென்று எண்ணி எண்ணெய் தேய்த்து உருவுவதும், இனித் தேறாதென்று கைவிட்டுவிடுவதும் தவறாகும். பின்னங்கால் பலவீனம் பல காரணங்களால் உண்டாகக்கூடிய ஓர் அடையாளமே. ஆதலால் அது திடீரென்று கண்டதா, சிறுகச் சிறுக வந்ததா என்பதை முதலில் விசாரித்தறிதல் வேண்டும். செய்யவேண்டிய சிகிச்சை அதைப் பொறுத்தே இருக்கிறது.

திடீரென்று காண்பது:— முயலின் எலும்புகள் மிகவும் லேசானவை. பூனையின் எலும்புகள் அதன் உடல் நிறையில் 100-க்கு 12 அல்லது 13 பங்கிருக்க, முயலின் எலும்புகள் 7 அல்லது 8 பங்கே இருக்கும். பின்னங்கால்களின் தசைகளோ வெகு பலமுள்ளவை. பின்புறத்தைத் தாங்காமல் தூக்கினால் முயல் மிரண்டு உதைக்கும். அவ்வுதையின் வேகமே அதன் முதுகெலும்பை இடுப்பருகில் முறித்துவிடக்கூடும். நாயைக் கண்டு கூண்டுக்குள் பாய்ந்து மோதும்போதும் இவ்விதம் நேரிடும்.

இந்நிலையில் தேய்ப்பதும் உருவுவதும் முறிவை அதிகப்படுத்தும். துணி விரித்த பலகையில் பிராணியைக் கிடத்தி, அசையாதபடி காற்றோட்டமுள்ள பெட்டியில் வைத்துத் தாமதமின்றிக் கால்நடை வைத்தியரிடம் கொண்டு செல்லவேண்டும். முதுகுத்தண்டின் நரம்பு வீங்கியிருப்பின் குணமடைய இடமுண்டு, அறுந்திருப்பின் இல்லை. விரலைக் கிள்ளும்போது காலை இழுத்துக்கொள்வதைக் கொண்டு மாத்திரம் உணர்ச்சி இருப்பதாகக் கொள்ளலாகாது. நரம்பு அறுந்த பின்னும் கால் தானே மடங்கும். தலையைத் திருப்புதல், விலக முயலுதல் முதலியவையே உண்மையான உணர்ச்சிக்கு அறிகுறிகள்.

சிறுகச் சிறுக வருவது:— ‘என்செபாலிட்டோசூன் குனிகுலி’ என்னும் நுண்ணுயிர் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்குவது ஒரு காரணம். காலிழந்த முயற்குட்டிகளில் இதனை 1922-ம் வருஷத்தில் ரைட், கிரெய்க்ஹெட் என்னும் இருவர் முதன்முதலில் விவரித்தனர். நோயுற்ற முயலின் சிறுநீர் பட்ட தீனியின் மூலம் இது பரவும். தலை ஒரு பக்கம் சாய்தலும் கண்மணி வெளுத்தலும் உடன் காணலாம். இதற்கு ‘பென்பெண்டசோல்’ என்னும் மருந்து, வைத்தியர் நிறையறிந்து குறிக்கும் அளவில், வழக்கமாக 28 நாட்கள் கொடுக்கப்படுகிறது. தீனிப் பாத்திரங்களைக் கொதிநீரில் கழுவுதல் அவசியம்.

வயது முதிர்ந்த முயலுக்கு மூட்டு வலியாலும், கொழுத்த முயலுக்கு உடற்பாரத்தாலும், கம்பித் தரையில் நிற்கும் முயலுக்குக் குதிகாற் புண்ணாலும் நடை தளரும். இவற்றிற்கு மெத்தென்ற வைக்கோற் படுக்கையும் தீனி ஒழுங்கும் பெரிதும் உதவும்.

பராமரிப்பு:— நடக்க இயலாத முயலுக்கு உலர்ந்த புல்லும், தாழ்ந்த கிண்ணத்தில் நீரும் வாய்க்கு எட்டும்படி வைக்கவேண்டும். அரை நாள் தீனி தின்னாதிருந்தால் குடல் ஓய்ந்து உயிருக்கு அபாயம் நேரும். சிறுநீரில் நனைந்த மயிரில் ஈக்கள் முட்டையிட்டு ஒரே நாளில் புழு வைத்துவிடும். ஆகையால் காலையும் மாலையும் பின்புறத்தைக் கழுவி ஈரம் போகத் துடைக்கவேண்டும். மனிதருக்குரிய மாத்திரைகளைக் கொடுக்கலாகாது. முக்கியமாக, பெனிசிலின், அமாக்சிசிலின் போன்றவற்றை வாய்வழியே கொடுத்தால் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து முயல் மாண்டுபோகும்.

தடுக்கும் முறை:— முயலைக் காதைப் பிடித்துத் தூக்குதல் அறவே கூடாது. ஒரு கையை மார்பின் கீழும், மற்றொரு கையைப் பிட்டத்தின் கீழும் கொடுத்து, உடலோடு அணைத்து எடுக்கவேண்டும். சிறுவர்கள் தரையில் உட்கார்ந்தபடியே அதைக் கொஞ்சுமாறு பழக்குதல் நலம். வழுக்காத தரையும், தினமும் ஓடித் திரிய இடமும் இருந்தால் எலும்பும் தசையும் உறுதிப்படும். கிராம அதிகாரிகள் முயல் வளர்ப்போருக்குத் தூக்கும் முறையை நேரிற் செய்து காட்டினால், பிராணிகள் பல வீணே முடமாகாமல் தப்பும்.