படபடப்பு வந்தால் பயப்படாதீங்க, புரிஞ்சுக்கோங்க!



2015 டிசம்பரில் சென்னையில் அடையாறு பெருக்கெடுத்து, கோட்டூர்புரம், சைதாப்பேட்டை வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. தண்ணீர் வடிந்துவிட்டது. ஆனால் அப்படி ஒரு வெள்ளத்தில் சிக்கியவர்களுக்கு, அடுத்த மழை தூறினாலே நெஞ்சு படபடக்கலாம், தூக்கம் போகலாம்.

வெள்ளம்தான் வரணும் என்றில்லை. தவணை நாள் நெருங்கினாலே நம்மில் சிலருக்குக் கை நடுங்குது, வயிறு கலங்குது. "காத்து கருப்பு அடிச்சிருக்கு" என்று வேப்பிலை அடிக்கிறோம். உண்மை அது இல்லை.

ஆபத்து என்று மூளை நினைத்ததும் அட்ரினலின் என்ற சுரப்பு ரத்தத்தில் கலக்கிறது. ஓடுவதற்கு உடம்பு தயாராகிறது. அதனால்தான் நெஞ்சு வேகமா அடிக்குது, மூச்சு வாங்குது, வேர்க்குது. இது நம்மைக் காக்கும் எச்சரிக்கை மணி. ஆபத்தே இல்லாதபோதும் மணி அடித்துக்கொண்டே இருந்து, தூக்கமும் வேலையும் கெட்டால் அது பதற்ற நோய். சிகிச்சையால் சரியாகும்.

உடனே என்ன செய்யலாம்?

* உட்காருங்க. நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி மெதுவா விடுங்க. ஐந்து நிமிஷம் செய்யுங்க.
* காபி, டீயைக் குறைங்க. தினமும் கொஞ்ச நேரம் நடங்க.
* மருந்துக்கடையில் நீங்களா தூக்க மாத்திரை வாங்காதீங்க.
* மனசில் இருப்பதை நம்பிக்கையான ஒருத்தரிடம் சொல்லுங்க.

ரத்தசோகை, தைராய்டு இருந்தாலும் படபடப்பு வரும். அதனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் பரிசோதனை செய்துகொள்ளுங்க. நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினால் பதற்றம்தான் என்று இருந்துவிடாமல் உடனே 108-ஐ அழையுங்க.

மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண் இருக்கிறது. 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை இது. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். சென்னையில் 'சிநேகா' அமைப்பின் தொண்டர்களும் 1986 முதல் மனம் உடைந்தவர்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டு வருகிறார்கள். கேட்பதற்கு ஒரு ஆள் இருந்தாலே பாதி பாரம் இறங்கும்.

அந்த ஆளாக நாமும் இருக்கலாம். ஒரு உறுப்பினர் இரண்டு கூட்டமா வரலையா? "தவணைக்குப் பயந்து ஒளியுறா" என்று அபராதம் எழுதும் முன் ஒருத்தர் அவங்க வீட்டுக்குப் போங்க. பணத்தைப் பற்றிப் பேச்செடுக்காதீங்க. "ராத்திரி தூக்கம் வருதா அக்கா?" என்று மட்டும் கேளுங்க. சேமிப்பைப் போல மனசையும் சேர்ந்து காப்பதுதான் குழு.