கைபேசியில் நடக்கும் தேர்தல் பிரசாரம்

தேர்தல் பிரசாரத்தில் சமூக ஊடகம் இரண்டு பாதைகளைத் திறந்துவிட்டிருக்கிறது. பத்திரிகையோ தொலைக்காட்சியோ குறுக்கே நிற்காமல் தலைவர் நேராக வாக்காளரிடம் பேசுவது ஒன்று. வாக்காளர் அதே இடத்தில், ஊரே பார்க்கும்படி தலைவருக்குப் பதில் சொல்வது மற்றொன்று. பொதுக்கூட்டத்துக்கு வந்தவர் கைதட்டலாம், பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். ஃபேஸ்புக்கில் அவர் பேச்சுக்குக் கீழேயே மறுப்பு எழுதலாம். ஆனால் எழுதிய மறுப்பைத் தலைவர் படிக்கிறாரா என்பது வேறு விஷயம். நடைமுறையில் கட்சிகள் வாக்காளரிடம் அதிகம் எதிர்பார்ப்பது பதிலை அல்ல. செய்தியை அடுத்தவருக்கு அனுப்பும் வேலையை.

தொடக்கம்

இந்திய அரசியல்வாதிகளில் நரேந்திர மோடி, சசி தரூர் போன்றவர்கள் 2009-லேயே ட்விட்டருக்கு வந்துவிட்டார்கள். விமானத்தின் சாதாரண வகுப்பைப் பற்றி அந்த ஆண்டு தரூர் கிண்டலாக எழுதிய ஒரு வரி, அவருடைய கட்சிக்குள்ளேயே பெரும் சலசலப்பைக் கிளப்பியது. மேடையில் பேசியதைத் திரித்துவிட்டார்கள் என்று சொல்லித் தப்பிக்கலாம். கைப்பட எழுதிய பதிவில் அதற்கு வழியில்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

சமூக ஊடகம் பிரசாரத்தின் மையத்துக்கு வந்தது 2014 மக்களவைத் தேர்தலில். மே 16 அன்று முடிவு தெரிந்ததும் மோடி இட்ட வெற்றிப் பதிவு, அதுவரை இந்தியாவில் அதிகம் மறுபதிவு செய்யப்பட்ட ட்வீட் ஆனது. 2019 மார்ச்சில் அவர் தன் ட்விட்டர் பெயருக்கு முன்னால் ‘சௌகிதார்’ (காவலாளி) என்று சேர்த்துக்கொண்டார். அமைச்சர்களும் ஆதரவாளர்களும் அப்படியே செய்ய, பெயர் மாற்றமே பிரசாரமாயிற்று.

பதிவும் பதிலும்

பெரிய தலைவர்களின் கணக்குகளை அன்றாடம் கவனிப்பது பெரும்பாலும் ஒரு குழு. கட்சிகள் இதற்கென்றே தகவல் தொழில்நுட்ப அணி வைத்திருக்கின்றன. கட்சிக்காரர் பேச்சில் அது ‘ஐ.டி. விங்’. பின்னூட்டங்களுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்வது அரிது. எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் பகிர்ந்தார்கள், எந்த அறிவிப்புக்குக் கோபம் கிளம்பியது என்ற கணக்குதான் கட்சி அலுவலகத்துக்குப் போகிறது.

எண்ணிக்கையே குரலாகும் இடம் ஹேஷ்டேக். காவிரிப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த 2018 ஏப்ரல் 12 அன்று, ராணுவத் தளவாடக் கண்காட்சிக்காக மோடி சென்னைக்கு வந்தபோது ‘கோ பேக் மோடி’ ட்விட்டரில் முன்னணிக்கு வந்தது. அடுத்த ஜனவரியில் மதுரை எய்ம்ஸ் அடிக்கல் நாட்டு விழாவுக்கு வந்தபோது ‘டி.என். வெல்கம்ஸ் மோடி’ அதற்குப் போட்டியாக ஓடியது. இத்தகைய போட்டிகளில் தன்னிச்சையாக எழுதுபவர் எத்தனை பேர், அணியினர் எத்தனை பேர் என்று பிரித்தறிவது கடினம்.

வாக்காளரின் கையில் உள்ள வலுவான ஆயுதம் பழைய காணொளி. ஐந்து ஆண்டுக்கு முன் தந்த வாக்குறுதியையும் இன்றைய பேச்சையும் அடுத்தடுத்து ஒட்டி ஒரு மீம் பக்கம் வெளியிட்டால், கட்சியால் அதைக் கண்டுகொள்ளாமல் இருக்க முடிவதில்லை. மறுபக்கம், கேள்வி கேட்டவருக்கு எதிர்க்கட்சி ஆள் என்ற பொருளில் ‘சங்கி’, ‘உ.பி.’ என்று பட்டம் கட்டிப் படையெடுத்து வசைபாடுவதும் நடக்கிறது. இந்த வசவுக்குப் பெண்கள் கூடுதலாக ஆளாகிறார்கள்; பலர் எழுதுவதையே நிறுத்திவிடுகிறார்கள்.

இணையத்தையும் நேரடிச் சந்திப்பையும் சேர்த்த முயற்சிகளும் உண்டு. 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு முன் தி.மு.க. நடத்திய ‘உங்கள் தொகுதியில் ஸ்டாலின்’ நிகழ்ச்சியில் மக்கள் நேரிலும் இணையத்திலும் மனு கொடுத்தார்கள். ஆட்சிக்கு வந்த 100 நாளில் தீர்வு என்பது வாக்குறுதி. வென்ற பிறகு அந்த மனுக்களைக் கவனிக்க அரசில் தனித் துறையே அமைந்தது.

வாட்ஸ்அப் குழுக்கள்

ஃபேஸ்புக், எக்ஸ் (முந்தைய ட்விட்டர்), யூடியூப் எல்லாம் பொது வெளி. வாட்ஸ்அப் அப்படியல்ல. மாநில அணி தயாரிக்கும் படமோ காணொளியோ மாவட்டக் குழுவுக்கு வரும். அங்கிருந்து ஒன்றியம், கிளை, வாக்குச்சாவடிப் பொறுப்பாளர் என்று இறங்கும். கடைசிப் படியில் அதை அனுப்புபவர் கட்சிக்காரராக அல்ல, சித்தப்பாவாகவோ கூடப் படித்தவராகவோ குடும்பக் குழுவுக்குள் நுழைகிறார். தெரிந்தவர் அனுப்பியது என்பதாலேயே செய்திக்கு நம்பகம் கூடிவிடுகிறது. முதலில் தயாரித்தது யார் என்பது அதற்குள் மறைந்துபோகிறது.

வதந்தியை நம்பிக் கும்பல்கள் அடித்துக் கொன்ற சம்பவங்களுக்குப் பிறகு, 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. பலமுறை கைமாறிய செய்தியை ஒரு முறைக்கு ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்ற வரம்பு 2020 ஏப்ரலில் வந்தது. 2023 செப்டம்பரில் வந்த வாட்ஸ்அப் சேனல் வசதியில் தலைவர் மட்டுமே பேசுவார். பின்தொடர்பவர் பெரும்பாலும் எமோஜி போடுவதோடு சரி.

விதிகளும் செலவுக் கணக்கும்

தேர்தல் ஆணையம் 2013 அக்டோபரில் சமூக ஊடகத்தையும் நடத்தை விதிகளுக்குள் கொண்டுவந்தது. வேட்பாளர் தன் கணக்குகளை வேட்புமனுவுடன் தரும் பிரமாணப் பத்திரத்தில் குறிப்பிட வேண்டும். கட்டண விளம்பரங்களுக்கு முன்சான்று பெற வேண்டும். அதற்கான செலவு தேர்தல் கணக்கில் சேரும். பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளருக்கு உச்சவரம்பு 95 லட்சம் ரூபாய். 2019 முதல் ஃபேஸ்புக்கின் விளம்பர நூலகத்தில் அரசியல் விளம்பரத்துக்குப் பணம் கட்டியவர் யார் என்று எவரும் பார்க்கலாம். ஆனால் கட்சிப் பெயரே இல்லாமல் நடக்கும் ஆதரவுப் பக்கங்களின் செலவு பெரும்பாலும் வேட்பாளர் கணக்குக்கு வெளியே நின்றுவிடுகிறது.

விதிமீறலைக் கண்டால் புகார் செய்ய ஆணையத்தின் ‘சிவிஜில்’ செயலி இருக்கிறது. பணப் பட்டுவாடாவோ அனுமதியில்லாத சுவரொட்டியோ கண்ணில் பட்டால் அங்கேயே படம் எடுத்து அனுப்ப வேண்டும். கைபேசியில் ஏற்கெனவே சேமித்திருந்த படத்தைச் செயலி ஏற்காது. இடத்தை அதுவே குறித்துக்கொள்ளும். பறக்கும் படை போய் விசாரித்து, 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை முடிய வேண்டும் என்பது ஏற்பாடு.

செயற்கை நுண்ணறிவு

2024 தேர்தலையொட்டித் தமிழகத்தில் மறைந்த தலைவர்களே பிரசாரத்துக்கு வந்தார்கள். அந்த ஜனவரியில் கருணாநிதியின் உருவமும், பிப்ரவரி 24-ம் தேதி ஜெயலலிதாவின் பிறந்தநாளில் அவர் குரலும் செயற்கை நுண்ணறிவால் உருவாகி ஒலித்தன. இவை அவரவர் கட்சியே அறிவித்துச் செய்தவை. எதிரணித் தலைவர் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டும் போலிக் காணொளிதான் சிக்கல். அத்தகையவை கவனத்துக்கு வந்த மூன்று மணி நேரத்துக்குள் கட்சிகள் நீக்க வேண்டும் என்று ஆணையம் 2024 மே மாதம் உத்தரவிட்டது. செயற்கையாக உருவாக்கிய படங்களில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு பரப்பில் அதைக் குறிப்பிட வேண்டும் என்று 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது.

கடைசி 48 மணி நேரம்

வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் பிரசாரம் கூடாது என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-வது பிரிவு. 2024 ஏப்ரல் 17 மாலை 6 மணிக்குத் தமிழகத்தில் ஒலிபெருக்கிகள் அடங்கின. ஆனால் ஏழு கட்டத் தேர்தலில் மற்ற மாநிலங்களில் பிரசாரம் தொடர்ந்தது. அந்தப் பேச்சுகள் இங்குள்ள கைபேசிகளுக்கும் வந்தன. ஆணையத்தின் விளக்கப்படி, தன் சொந்தக் கணக்கில் ஒருவர் இடும் பதிவு விளம்பரம் ஆகாது, முன்சான்றும் வேண்டாம். பணம் கைமாறும் இடத்தைத்தான் முன்சான்று விதி எட்டுகிறது. செலவே இல்லாமல் ஒரு குடும்பக் குழுவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் செய்தியைச் சரிபார்க்கும் வாய்ப்பு, அதை அனுப்பப்போகிறவருக்கு மட்டுமே இருக்கிறது.