புத்தகத்தை மூடிப் படியுங்கள்!

பரீட்சைக்கு முன் கல்லூரியில் விடுமுறை விட்டாயிற்று. பெண் விடிய விடிய விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரே பாடத்தை நாலாவது தடவையாகப் படிக்கிறாள். அம்மா மூன்றாவது காப்பியைக் கலக்கிறாள். "எல்லாம் வந்துவிட்டது, அம்மா!" என்கிறாள் பெண். பரீட்சைக் கூடத்திலோ, எந்தப் பக்கம் என்பது ஞாபகம் வருகிறது, விஷயம் வரவில்லை!

சோம்பலா? இல்லை. படித்த முறைதான் கோளாறு.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்து மனோதத்துவ நிபுணர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சூரியனைப் பற்றி ஒரு பாடம்; கடல் நீர்நாயைப் பற்றி ஒரு பாடம். மாணவர்கள் ஒன்றை இரண்டு முறை படித்தார்கள். மற்றதை ஒரே முறை படித்துவிட்டு, பாராமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது, இரண்டு முறை படித்ததே நன்றாக நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ கதை மாறிவிட்டது! இரண்டு முறை படித்ததில் நூற்றுக்கு 42 பங்குதான் நின்றது. எழுதிப் பார்த்ததில் 56!

ஆகவே, ஒரு பகுதி படித்ததும் புத்தகத்தை மூடி, வெறுந்தாளில் எழுதிப் பாருங்கள். விட்டுப்போனதை மட்டும் மறுபடி படியுங்கள். இரண்டு நாள் விட்டு மீண்டும் எழுதுங்கள். இரவு வேளையோடு தூங்குங்கள். படித்தது மனத்தில் பதிய தூக்கமும் வேண்டும்.

தாய்மார்களே! நாலாவது காப்பி வேண்டாம். புத்தகத்தை நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டு, "எங்கே, சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். பாடம் உங்களுக்குப் புரியவேண்டும் என்பதில்லை; அவள் திணறும் இடம் அவளுக்கே புரிந்துவிடும்!